கதவுக்குப் பின்னாலை இரண்டாம் குரல்

பேய் பிசாசு எண்டு ஆரும் கதைச்சா முதல் சிரிக்கிற ஆள் நான்தான். வேலை செய்யிறது மருந்துக்கடையிலை, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் எண்டு பிடிவாதமாச் சொல்லுறவள். நீங்களும் இதைக் கேட்டுப்போட்டு, இவளுக்கு நித்திரை காணாது எண்டுதான் நினைக்கப்போறியள். நினையுங்கோ, பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

முதல் என்ரை உடம்பைப் பற்றிச் சொல்லவேணும். சின்னனிலையிருந்தே எனக்குப் பாட்டு காதோடை நிக்காது. ஆரும் உருகிப் பாடினா கைமயிர் எழும்பும், கண் நிறையும், சில மெட்டுக்கு நாக்கிலை இனிப்புக்கூட வரும், சுருதி விலகினாப் பல் கூசும். "இவளைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டா கண் துடைக்க நாலு லேஞ்சி வேணும்" எண்டு என்ரை மனுசன் நக்கலடிப்பார். அது மூளையின்ரை வேலை, அதிலை அதிசயம் ஒண்டும் இல்லை எண்டு நானும் சொல்லுவன்.

மகன் வயித்திலை இருக்கேக்கை எனக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து, அதோடை மூக்குக்கு மணம் தெரியிறது நிண்டு போச்சு. மணம் போகப் பாட்டும் செத்துப்போச்சு, எதைக் கேட்டாலும் ரேடியோவிலை காலநிலை வாசிக்கிற மாதிரித்தான். சாப்பாடு மணக்கேல்லை எண்டு நான் கவலைப்படேல்லை. பிள்ளை பிறந்தாப் பிறகுதான் விளங்கினது. பாக்க வாறவை எல்லாம் அவன்ரை உச்சியிலை மூக்கை வைச்சு, "ஐயோ, என்ன வாசமடா" எண்டு கண்ணை மூடுவினம். பெத்தவள் எனக்கு ஒரு மணமும் இல்லை. ஆற்றையோ பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைச்சிருக்கிற மாதிரி இருந்தது. டொக்டர், மணம் திரும்பி வரலாம், வராமலும் விடலாம் எண்டு சொன்னா. குளியலறையிலை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு எத்தினை தரம் அழுதிருப்பன்.

போன நத்தாருக்கு முதல், எங்கடை கோயில் பாடகர் குழு, நோர்வேயிலை நாங்கள் இருக்கிற குரோருட்டிலை வீடு வீடாக் கரோல் பாடப் போனது. நானும் மகனை நெஞ்சிலை கட்டிக்கொண்டு போனனான், பாடுற ஆசையிலை இல்லை, வீட்டிலை இருக்கேலாமல். குழுவை நடத்திறவர் செபஸ்தியான் அண்ணை, பஸ் ஓடுறவர். அந்த வருசம் அவரே ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார், எங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாத பாட்டு. மெட்டுக்கு இணையா இரண்டாம் குரல் பாடுற மெற்றில்டா அக்கா காய்ச்சலிலை படுத்திட்டா, அதாலை அந்தக் குரல் இல்லாமலே பாடிக்கொண்டு திரிஞ்சம்.

அங்கை மாடிவீட்டு பிளாக் எல்லாம் ஒரே மாதிரித்தானே, பின்னேரமே இருண்டு போச்சு, பனி வேறை கொட்டுது. பிழையான வாசலாலை ஏறிப்போட்டம். கீழ்க்கதவு திறந்து கிடந்தது, ஒருத்தரும் பேரைப் பாக்கேல்லை, மேல்மாடியிலை ஒரு கதவுக்கு முன்னாலை நிண்டு கிற்றாரோடை தொடங்கியாச்சு.

நம்பினா நம்புங்கோ, இரண்டாவது வரியிலை அந்தக் கதவுக்கு அங்காலையிருந்து இரண்டாம் குரல் வந்தது. பொம்பிளைக் குரல், மெல்லமா, எங்கடை பாட்டின்ரை அதே சொல்லுகள், தமிழிலை. மெற்றில்டா அக்கா இஞ்சை வந்து ஒளிச்சுநிண்டு விளையாடுறா எண்டு நினைச்சு எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுப் பாடினம். எனக்குக் கைமயிர் எழும்பினது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! அடுத்ததா நனைஞ்ச கம்பளி மணந்தது, படி கழுவின சவுக்காரம் மணந்தது, ஆற்றையோ வீட்டிலை கறுவா போட்டு என்னவோ சுடுகினம் எண்டு விளங்கினது. பாடுறதை விட்டிட்டு, மகன்ரை தொப்பியைக் கழட்டி உச்சியிலை மூக்கை வைச்சன். பாலும் வேர்வையும் கலந்த ஒரு இளஞ்சூட்டு மணம். என்ரை பிள்ளை. சத்தம் போட்டு அழுதன், சந்தோசத்திலை.

இரண்டு சரணத்தோடை நாங்கள் நிப்பாட்டினம். அந்தக் குரல் நிப்பாட்டேல்லை. மூண்டாவதா ஒரு சரணம் பாடி முடிச்சுத்தான் ஓய்ஞ்சது.

செபஸ்தியான் அண்ணையின்ரை முகம் வெளுத்துப்போச்சு. "நான் மூண்டு சரணம் எழுதினனான் பிள்ளை," எண்டார் என்னட்டை, "நீளம் கூடிப்போச்செண்டு ஒண்டைக் கிழிச்சு எறிஞ்சனான். மனுசிக்கும் காட்டேல்லை." மணியை அடிச்சம், தட்டினம், ஒரு அசுமாத்தமும் இல்லை. சத்தத்துக்கு எதிர்வீட்டு நோர்வேக்காரக் கிழவன் கதவைத் திறந்தான். அந்த வீட்டிலை தண்ணிக்குழாய் வெடிச்சு, நிலமெல்லாம் கிளப்பி, கோடையிலையிருந்து பூட்டித்தான் கிடக்காம். சொல்லிப்போட்டு அவனே கேட்டான், "வடிவாப் பாடினியள். உள்ளுக்கை நிண்டு பாடின பெண்ணை எப்பிடி உள்ளுக்கை விட்டனீங்கள்?"

கிற்றாரையும் தூக்கிக்கொண்டு படியாலை இறங்கிட்டம். பிறகு கேட்டா, மெற்றில்டா அக்கா அண்டைக்குக் கட்டிலாலை எழும்பவே இல்லையாம்.

வந்த மணம் போகேல்லை. நரம்பு திரும்ப வளரும், சில பேருக்குத் திடீரெண்டு வரும் எண்டு டொக்டர் சொன்னா, நானும் தலையாட்டினன். இப்ப வெங்காயம் வதக்கேக்கை அடுப்படியிலை நிண்டு சிரிக்கிறன், மனுசன் பகிடி பண்ணுறார், நல்லா இருக்கிறம்.

ஒண்டுதான். மகன் இப்ப நடக்கிறான், அவனிலை இருந்த பால் மணம் எல்லாம் போட்டுது. ஆனா அவன்ரை உச்சியிலை, இப்பத்தான் ஊதி அணைச்ச மெழுகுதிரி மாதிரி ஒரு மணம் இருக்கு. முழுக வார்த்தாலும் போகுதில்லை. மனுசன் மணந்து பாத்தார், தனக்கு ஒண்டும் வரேல்லையாம். செபஸ்தியான் அண்ணையின்ரை அந்தப் பாட்டை முணுமுணுத்தா அது கூடுது, அண்டைக்குக் கதவுக்குப் பின்னாலை கேட்ட அந்த மூண்டாவது சரணத்திலை இன்னும் கூடுது. பயமில்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா என்ரை பிள்ளையின்ரை மணத்தை எனக்குத் தந்த பாட்டு அது, அவனை நித்திரையாக்கிறதுக்கு நான் அதைத்தான் பாடுறனான்.