அன்னபாய் டீச்சரும் சங்கு முத்திரைக் கவர்களும்

அன்னபாய் டீச்சர் இறந்த செய்தியை நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். தோவாளையில் எங்கள் வீட்டுக்கு எதிரே காலை பஸ் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு நின்ற நேரம். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு கவரை நீட்டினார்.

“டீச்சரே, பேரிங்கு. இரட்டிப்புக் காசு. வாங்குதியளா, திருப்பி விடட்டா?”

தபால்தலை ஒட்டாமல் வருவதுதான் பேரிங் கடிதம். வாங்குகிறவர் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். நம் ஊரில் பேரிங்கை வாங்காமல் விடுவதுதான் வழக்கம். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைப்பவர்களும் உண்டு. நானும் நாஞ்சில் நாட்டுக்காரிதானே, ‘வேண்டாம்’ என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கை தானாக நீண்டு கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தது. மூலையில் தபால்தலைக்குப் பதிலாக மேடாகப் பதித்த சங்கு முத்திரை. செல்லாமல் போய் ஐந்து வருஷமாகிவிட்ட பழைய திருவிதாங்கூர் அஞ்சல் கவர். பின்பக்கம் இராஜாக்கமங்கலம் முத்திரை விழுந்திருந்தது. காசைக் கொடுத்துப் பிரித்தேன். ‘என் பெரியம்மை அன்னபாய் டீச்சர் சென்ற ஞாயிற்றுக்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்’ என்று அவர்களுடைய தங்கை மகள் லில்லி எழுதியிருந்தாள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர்களை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் நம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், உடன் வேலை பார்த்தவர்கள், ஹாஸ்டலில் தங்கியவர்கள் எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக, கடைசிவரை படிக்க வேண்டும். காரணம் இருக்கிறது.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து நான் அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அன்னபாய் டீச்சர் பூகோளம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். அவர்களுடைய சிக்கனம் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். மற்றவர்கள் எறிந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி ஒரு தகர டப்பாவில் சேர்ப்பார்கள். வந்த கவர்களை ஆவி காட்டிப் பிரித்து, உட்பக்கத்தை வெளிப்பக்கமாக மடித்து ஒட்டி மறுபடி உபயோகிப்பார்கள். ‘டீச்சர் மூச்சைக்கூட எண்ணித்தான் விடுவாவ’ என்று நான் ஒருநாள் கேலி செய்தேன். “எண்ணல்லேன்னா மிச்சம் எவ்வளவுன்னு எப்பிடித் தெரியும்?” என்றார்கள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அப்போது நமக்கு இரண்டு தபால் இருந்தது இளையவர்களுக்கு மறந்திருக்கும். சமஸ்தானத்தின் சொந்தத் தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். பச்சைப் பெட்டி, சங்கு முத்திரை, விலை மிக மலிவு. மற்றது இந்தியத் தபால். சிவப்புப் பெட்டி, விலை கூடுதல். இரண்டு பெட்டிகளும் பள்ளிக்கூடம் இருந்த தெருவிலேயே கொஞ்ச தூரத்தில் நின்றன. வடக்கே பறவூர் வரைக்கும் அத்தனை தூரம் ஒரு கடிதம் சொற்பக் காசில் போய்விடும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் உடனே வந்துவிடுகிற பணகுடிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். பணகுடி மதராஸ் மாகாணம். அங்கே சங்கு செல்லாது.

இதை அன்னபாய் டீச்சர் ஒரு பாடமாகவே நடத்தினார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து எனக்கு நன்றாகக் கேட்கும். கரும்பலகையில் நாட்டுப் படம் வரைந்து, ஆரல்வாய்மொழியில் தடித்த கோடு ஒன்று இழுத்து, பிரம்பால் ஒரு தட்டு.

“சங்கு போட்ட கவரு எங்க வரைக்கும் போவும்?”

“ஆரல்வாய்மொழி வரைக்கும்!”

“தாண்டிப் போட்டா?”

“பேரிங்கு!”

எந்தப் பாடப்புத்தகத்திலும் இது கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதும். அவர்களோ வாரம் தவறாமல் கேட்டார்கள். இமயமலை எங்கே என்று தெரியாத பிள்ளைகூட இதற்குச் சரியாகப் பதில் சொல்லும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ‘பூகோளம் ஆரல்வாய்மொழியோடு முடிஞ்சு போச்சா?’ என்று ஆசிரியைகள் அறையில் எல்லாரும் சிரித்திருக்கிறோம். டீச்சரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். இதைப் படிக்கிறவர்களில் பலர் அந்த வகுப்பில் இருந்து கத்தியிருப்பீர்கள்.

என்னை உண்மையில் குடைந்த விஷயம் வேறு. ஹாஸ்டலில் சமையல் வேலை செய்த தாயம்மைக்கு அவள் புருஷனிடமிருந்து ஒருநாள் பேரிங் கடிதம் வந்தது. “கள்ளுக்குக் காசு கேட்டு எழுதியிருப்பாரு, கொண்டு போவும்” என்று அவள் தபால்காரர் பொன்னையாவை விரட்டினாள். அன்னபாய் டீச்சர் வகுப்பை விட்டு வேகமாக இறங்கி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்து, கவரைத் தாயம்மையின் கையில் திணித்தார்கள்.

“படிச்சிட்டு வேண்டாம்னா கிழிச்சு அடுப்பில போடு. பாக்காம எப்பிடிட்டி வேண்டாம்னு சொல்லுதா?”

கடிதத்தில் கள்ளுக்குத்தான் காசு கேட்டிருந்தது. தாயம்மை எங்களுக்குப் படித்துக்காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பள்ளிக்கூடத்துக்கு வரும் எந்தப் பேரிங்கையும் அவர்கள் திரும்பிப் போக விடுவதில்லை. யாருக்கு வந்தாலும் தானே காசு கட்டி, பிரிக்காமல் உரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். வழுக்கைத் தலையில் முடி வளர்க்கும் தைல விளம்பரம் ஒன்றுக்குக்கூட இரட்டிப்புக் காசு போனது. சாக்பீஸ் துண்டைப் பொறுக்குகிற கைக்கு இது எப்படி மனசு வருகிறது? நான் பலவிதமாக யோசித்துப் பார்த்தேன். நேர்த்திக்கடனா என்று கேட்டேன். “உங்க கணக்குக்கு இது அடங்காது டீச்சர், விடுங்க” என்றார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. அன்னபாய் டீச்சர் இருக்கும்போது காசு எதற்கு என்று ஹாஸ்டல் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் தபால்தலை ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். ஒரே நாளில் ஏழெட்டுப் பேரிங் வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கண்டித்தார்கள். “நீங்க தர்மம் பண்ணுதிய, ஊரு உங்களை ஏய்க்கு” என்று அவர்கள் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். டீச்சர் குனிந்த தலை நிமிரவில்லை. “ஏழு பொய்யா இருக்கட்டும் அம்மா. எட்டாவது நெசமா இருந்துட்டா?” என்றார்கள். சம்பளம் வாங்கும் நாளில்தான் டீச்சரின் முகம் கொஞ்சம் வாடும். அதற்காகக் கட்டுவதை நிறுத்தவில்லை.

அஞ்சலும் தபாலும் ஒன்றாகிய வருஷம் அந்தப் பச்சைப் பெட்டியைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். பெட்டியை அடியோடு நெம்பி எடுத்து மாட்டுவண்டியில் படுக்க வைத்தார்கள். அன்னபாய் டீச்சர் பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். பக்கத்தில் போய், “இனி உங்களுக்குப் பாடம் ஒண்ணு குறைஞ்சு போச்சு” என்று விளையாட்டாகச் சொன்னேன். திரும்பிப் பார்த்த முகத்தில் கண்ணீர் ஓடியது. எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அன்று சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, காலி வகுப்பில் அவர்களாகவே சொன்னார்கள்.

அவர்களுக்குச் செல்லத்துரை என்று ஒரே தம்பி. இராஜாக்கமங்கலத்தில் பிழைப்பு சரிப்படாமல், சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் திருநெல்வேலிச் சீமையில் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு கூலியாட்களின் வருகைப் பேர் எழுதும் வேலைக்குப் போனான். பஸ் ஏற்ற வந்த டீச்சர் அஞ்சல் கவர் ஒரு கட்டு வாங்கி, பாதியை அவனிடம் கொடுத்தார்கள். மீதிப் பாதியைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். ‘அங்கே காசு குடுத்துக் கவர் வாங்காதே மக்கா, இதிலேயே எழுது’ என்று வேறு சொன்னார்கள்.

“தினமும் பலகையில கோடு போடுத கை இது, டீச்சர். என் தம்பி அந்தக் கோட்டத் தாண்டிப் போறான்னு எனக்குத் தோணவே இல்ல. சல்லிசாக் கிடைக்கேன்னு மட்டும் நெனச்சேன்.”

அவன் அதே கவரில் எழுதினான். எல்லைக்கு அப்புறம் சங்குக்கு மதிப்பில்லாததால் கடிதம் பேரிங்காக வந்தது. பொன்னையா வகுப்பு வாசலில் வந்து நின்று கூப்பிட்டபோது டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார்கள். “பேரிங்கா? வேண்டாம், கொண்டு போவும்” என்று திரும்பாமலே சொல்லிவிட்டார்கள். பதினைந்து நாள் கழித்துத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. செல்லத்துரை மலைக்காய்ச்சலில் கிடந்து இறந்துபோயிருந்தான். படுத்த படுக்கையில் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினான், பதில் வரும் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தான் என்று வந்தவர் சொன்னார்.

அந்தக் கடிதம் மறுபடி மலைக்குப் போனபோது அவன் இல்லை. தோட்டத்து ஆபீசில் இரட்டிப்புக் காசு கட்ட யாரும் முன்வரவில்லை. “ரெண்டு பக்கமும் வேண்டாம்னு சொன்ன கடிதம் அது” என்றார்கள் டீச்சர். உரியவர் கிடைக்காத கடிதங்களைப் பார்க்கும் சென்னை ஆபீசுக்கு எத்தனையோ தடவை எழுதிக் கேட்டார்கள். கண்டுபிடிக்க இயலவில்லை என்று அச்சடித்த தாள்தான் வந்துகொண்டிருந்தது.

“வா அக்கான்னு எழுதினானா, மருந்து வாங்கி அனுப்புன்னு எழுதினானா, இல்ல சும்மா சுகம்னு எழுதினானா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும், டீச்சர். திட்டி எழுதியிருந்தாலும் சரிதான்.”

நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆரல்வாய்மொழிக் கேள்விக்கு நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பிறகு நான் தோவாளைக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். சென்ற மாசிமாதம் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் கடைசியாகப் பார்த்தோம். நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப்போகின்றன என்று எங்கும் அதே பேச்சு. “கேட்டியளா, ஆரல்வாய்மொழியில நான் போடுத கோட்ட அழிக்கப் போறாவளாம்” என்றார்கள். முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. “இனி படம் போட்டா அந்த இடத்துல கை நிக்காம போவணும். பழகணும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள். பழகுவதற்குள் போய்விட்டார்கள்.

கவர் கிடைத்த அடுத்த வாரம் இராஜாக்கமங்கலம் போனேன். லில்லி முற்றத்தில் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பெண். பெரியம்மையின் பெட்டியில் கவர்க்கட்டைக் கண்டு, கவர் கவர்தானே என்று அதிலேயே எல்லாருக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். பழைய மாணவிகள், உடன் வேலை பார்த்தவர்கள், ஒருவர் பாக்கியில்லை.

“ஒருத்தரும் வரல்ல டீச்சர். ஒரு வரி எழுதவும் இல்ல. பெரியம்மையை இவ்வளவு பேரு மறந்துட்டாவளே” என்றாள்.

மேசைமேல் அந்தக் கவர்கள் அடுக்கி இருந்தன. சங்கு முத்திரை, அதன்மேல் பேரிங் குறி, பின்னால் ‘வாங்க மறுத்துவிட்டார்’ என்ற எழுத்து. பிரிக்காத கவர்கள். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் இரட்டிப்புக் காசு கட்டி வாங்கி வைத்திருக்கிறாள்.

“நீ எழுதினதை நீயே ஏன் வாங்கினே?” என்று கேட்டேன்.

“கடிதம் வந்தா திருப்பி விடக்கூடாதுன்னு பெரியம்மை சொல்லியிருக்காவ.”

சங்கு இப்போது எங்கேயும் செல்லாது, அதனால்தான் எல்லாம் பேரிங்காகிவிட்டது என்று அவளுக்கு விளக்கினேன். யாரும் மறக்கவில்லை, செய்தியே போய்ச் சேரவில்லை என்றேன். மேசையில் இருந்த பெயர்களை எல்லாம் நான் பார்த்தேன். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. என் பெயரும் அந்த அடுக்கில் சேர இருந்ததுதான். வாரந்தோறும் ‘பேரிங்கு’ என்று கத்திப் படித்தவர்களே, போன மாதம் சங்கு போட்ட ஒரு கவரை உங்கள் வாசலில் வேண்டாம் என்று சொன்னீர்கள் அல்லவா? அதில் இருந்தது அன்னபாய் டீச்சரின் மரணச் செய்தி.

அவர்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது, வாய் திறக்கும் முன் நீளும் இந்தக் கை மட்டுமே. அதனால்தான் எனக்குச் செய்தி கிடைத்தது. இப்போது தபால்காரர் மணி அடித்தால் சில்லறையை எடுத்துக்கொண்டே வாசலுக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

நீங்கள் லில்லிக்கு ஒரு வரி எழுதுங்கள். இராஜாக்கமங்கலம், அன்னபாய் டீச்சர் வீடு என்று போட்டால் போய்ச் சேரும். அவசரத்தில் தபால்தலை ஒட்ட மறந்துவிட்டாலும் பரவாயில்லை. அந்த வீட்டில் வாங்கிக்கொள்வார்கள்.