சீற் கழற்றிய பள்ளிக்கூட வான்

சனிக்கிழமை விடிந்ததும் நான் ஓட்டும் வானின் சீற்றுகளைக் கழற்றுவேன். ஞாயிறு பின்னேரம் திரும்பப் பூட்டுவேன். போன வருஷம் ஏழு மாதம் இப்படியே போனது. இரண்டு பக்கமும் நீளமாகப் போட்ட சீற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு போல்ட்டு. கழற்ற அரை மணித்தியாலம் போதும். பூட்டுவதற்குத்தான் எனக்கு நேரம் எடுக்கும். பூட்டி முடித்து, கையைக் கழுவி, தேத்தண்ணியோடு வந்து இருந்த பிறகும் மூன்றாவது போல்ட்டை இறுக்கினேனா என்ற கேள்வி வந்துவிடும். எழும்பிப் போய்ப் பார்ப்பேன். இறுக்கித்தான் இருக்கும். திரும்பி வந்து இருந்தால் நான்காவது போல்ட்டு.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான். அன்புவழிபுரத்திலிருந்து டவுனுக்குப் பதின்மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். அந்த ஏழு மாதமும் என் மகள் மட்டும் பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில் இருந்து படித்தாள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு, என் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வெறும் வானோடு திரும்பி வருவேன். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆட்கள் எங்கள் ஒழுங்கையில் குறைவு.

ஆறாம் ஆண்டுக்கு அவளை டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இரண்டாவது கிழமையே வானுக்குள் சத்தி எடுக்கத் தொடங்கினாள். முதல் நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பிறகு வெறும் வயிற்றோடு ஏற்றிப் பார்த்தோம். அப்போதும் எடுத்தாள். ஒரு கையில் புத்தகப் பை, மறுகையில் சத்தி எடுக்க ஒரு பிளாஸ்திக் சொப்பின் பை. மற்றப் பிள்ளைகள் அவளுக்குச் சொப்பின் பை என்றே பேர் வைத்துவிட்டார்கள். இரண்டு தாய்மார் என்னிடம் நேரடியாகச் சொல்லாமல், வானுக்குள் மணக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். ஒரு நாள் வானை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்துச் சீற்றில் நான்தான் இருந்தேன். அதிலும் எடுத்தாள்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஏலாது என்று மட்டும் சொன்னாள். பதின்மூன்று பிள்ளைகள் வழியில் காத்திருந்தார்கள், நான் போய்விட்டேன்.

பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிசி. இந்த வருஷம் முடியும்வரை பார்ப்பேன், புது வகுப்புத் தொடங்கும்போதும் பிள்ளை வராவிட்டால் வரவு பதியும் இடாப்பிலிருந்து பேரை எடுக்கத்தான் வேண்டிவரும் என்றார். இடாப்பு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்கில்லை. நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேர் எடுத்த பிறகு திரும்பிப் போவது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். விடும்போது, ஒரு வருஷம்தானே, போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இன்றைக்கும் வங்கியில் படிவம் ஒன்று தந்தால், பேனையை எடுக்க முதல் பக்கத்தில் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கிறேன்.

வீட்டில் படிப்பித்தது மனைவி. அவள் ஏ.எல். வரைக்கும் படித்தவள். விடிய நான்கு மணிக்கு எழும்பிக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குக் குசினி மேசையைத் துடைத்துப் புத்தகத்தை விரிப்பாள். பத்தரைக்கு அவளுக்குக் கண் சொக்கும். பின்னம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொகுதிக்கும் பகுதிக்கும் நடுவில் ஒரு நிமிஷம் நித்திரையாகிவிடுவாள். மகள் எழுப்பமாட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்குக் கொப்பியின் மூலையில் ஏதாவது கீறிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பேன். எனக்கு விளங்காத கணக்கை அவள் சரியாகச் செய்கிறாளா என்று பார்ப்பேன். அதைப் பார்த்து என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆசுபத்திரி டொக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். பிள்ளைக்குப் பிடித்த இடங்களுக்கு அதே வானில் கூட்டிக்கொண்டு போங்கள், வானில் ஏறினால் பள்ளிக்கூடம் என்ற எண்ணம் போகட்டும் என்றார். அப்படித்தான் சனி ஞாயிறுகளில் வானிலேயே சமைத்து, படுத்து, அதை வீடாக்கத் தொடங்கினோம். பிள்ளைக்கு மருந்து என்று நினைத்துச் செய்ததைப் பார்த்து, ஊரில் சிலர் எங்களுக்குச் சுற்றுலாப் பைத்தியம் என்று கதைத்தார்கள்.

சீற்றுகளைக் கழற்றினால் பின்னால் எட்டடி நீளம், நாலரை அடி அகலம். மகள்தான் அளந்தாள். மனைவி அதையே கணக்குப் பாடமாக்கிவிட்டாள். சதுரக் கொப்பியில் ஓரடிக்கு இரண்டு கட்டம் என்று வைத்து வானின் தரையைக் கீறி, மெத்தைக்கு எவ்வளவு, பெட்டிகளுக்கு எவ்வளவு என்று பிள்ளை நிறம் தீட்டினாள். பெட்டிகளை நான் சல்லிக் கடற்கரையில் வாங்கினேன். அங்கே என்னோடு படித்த ஒருவன் வள்ளம் வைத்திருக்கிறான். மீன் போடும் பிளாஸ்திக் பெட்டிகள் ஆறு தந்தான். சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுக் கழுவி, மூன்று நாள் வெயிலில் வைத்தேன். பிறகும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் சூடை மீன் மணந்தது. "மச்சான், மீன் பெட்டி மீன் மணக்காமல் மல்லிகைப் பூவா மணக்கும்?" என்றான் வள்ளக்காரன்.

ஆறு பெட்டிக்கும் மகள் கடதாசியில் பேர் எழுதி ஒட்டினாள். அடுப்பு. சாப்பாடு. உடுப்பு. கொப்பி புத்தகம். ஐந்தாவதில் சில்லறைச் சாமான். ஆறாவது பெட்டியில் நான் என்னுடைய பொருட்களைப் போட்டிருந்தேன்: கயிறு, இரண்டு ரோர்ச் லைட், காய்ச்சல் குளிசை, காயத்துக்குக் கட்டும் துணி, மழைக்கு மேலே கட்ட ஒரு படங்கு, ஐம்பது சொப்பின் பை, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழும். அந்தப் பெட்டியில் அவள் "அப்பாவின் பயங்கள்" என்று எழுதி ஒட்டினாள். மனைவி ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள்.

முதல் பயணம் சல்லிக் கடற்கரை வரைக்கும்தான். போகும்போதே எடுத்தாள். மீன் பெட்டி மணம் என்று முடிவு செய்து பெட்டிகளைத் திரும்பக் கழுவினேன். அடுத்தது கப்பல்துறையில் மனைவியின் அக்கா வளவு. கண்டி வீதியில் ஏறி ஐந்து நிமிஷத்தில் எடுத்தாள். முன்னால் தொங்கிய வாசனைச் சீசா என்று அதைக் கழற்றி எறிந்தேன். பிறகு டீசல் மணம் என்று பின்கதவுக்கு ரப்பர் மாற்றினேன். பிறகு அவள் இருந்த பக்கம். இடதிலிருந்து வலதுக்கு, வலதிலிருந்து நடுவுக்கு, கடைசியில் என் சீற்றுக்கு நேர் பின்னாலே. மெத்தையைக் குறுக்கே போட்டேன், நெடுக்கே போட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் கொப்பியில் வானைப் புதிதாகக் கீறவேண்டி வந்தது. நிறப் பென்சில் முடிந்துவிட்டது என்று ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னாள்.

எனக்கும் அலுப்புத்தான். முதுகு நொந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் ஏறும்போது சீற்றுக்கடியிலிருந்து வெங்காயம் உருண்டது. பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கடல் மண் ஒட்டியிருக்கிறதே, வானைக் கூட்டுவதில்லையா என்று ஒரு தாய் கேட்டார். கூட்டினேன் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லக்கூடச் சோர்வாக இருந்தது.

மழை பிடிக்க முந்திக் கடைசியாகக் குச்சவெளிக்குப் போனோம். புது வகுப்புத் தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் பிள்ளை நன்றாக வந்தாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். உதடு காய்கிறதா, கண் செருகுகிறதா, கை வயிற்றுக்குப் போகிறதா. பாலம் தாண்டியதும் எடுத்தாள்.

கடற்கரையில் நிறுத்தி, மனைவி அடுப்பை மூட்டிப் பருப்பை வைத்தாள். நான் வானுக்குள் ஏறிப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினேன். இந்தமுறை மெத்தையைப் பின்கதவோடு போட்டு, பிள்ளையைப் பின்பக்கம் பார்த்து இருக்கவைக்கலாம் என்று ஒரு புது யோசனை. மகள் தன் கொப்பிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறக்க விடவில்லை.

"அப்பா, இதை இனி மாத்தாதீங்கோ. பெட்டியில ஒண்டுமில்லை."

"அப்ப எதில, மகள்? சொன்னால்தானே தெரியும்."

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கள் கண்ணாடிக்குள்ளால பாக்கிறீங்கள். நான் சத்தி எடுக்கப்போறனோ எண்டு பாக்கிறீங்கள். உங்கட முகத்தைக் கண்டாத்தான் எனக்கு வயித்தைப் பிரட்டுது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அகப்பையோடு நின்றாள். அவளும் இதைக் கேள்விப்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "எனக்கும் அப்பிடித்தான். நான் உலையைப் போட்டால் சோறு குழையப்போகுதோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பார், அது குழைஞ்சு போகும்" என்றாள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கையில் வேறொரு பெட்டி இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். அவள் எடுக்கவில்லை. ஆனால் நிலாவெளி வரும்போது, அப்பா இப்போது காதால் பார்க்கிறார், கழுத்து இந்தப் பக்கம் சாய்கிறது என்று தாயிடம் சொன்னாள். உண்மைதான். மூச்சு மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். அந்த ஒன்றை மட்டும் எப்படிக் கழற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டிசம்பரில் மழை நின்றிருந்த ஒரு நாள், குசினி மேசையில் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே மகள் தாயிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"நான் பள்ளிக்கூடம் போறன். அப்பாண்ட வானில ஏலாது."

சீனக்குடாப் பக்கமிருந்து எங்கள் சந்தியால் இன்னொரு பள்ளிக்கூட வான் வருகிறது. அதை ஓட்டுகிறவர் கிண்ணியா முஸ்லிம் மனிசர், அண்ணன் என்ற முறையில் எல்லோருக்கும் நானா. அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே நேரத்துக்கு. பத்து வருஷமாக ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு போகிறோம். அவரிடம் போய் என் பிள்ளைக்கு ஒரு இடம் கேட்டேன்.

"தம்பி, சாப்பாட்டுக் கடைக்காரன் பக்கத்துக் கடையில பார்சல் எடுத்த மாதிரியெல்லோ இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். என்ன காரணம் என்று கேட்கவில்லை. நான்தான் விடவில்லை. யன்னலோரம், தேசிக்காய், சொப்பின் பை, காலையில் என்ன சாப்பிடுவாள், எந்த வளைவில் அவளுக்குப் பிரட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "சரி, நீங்க போங்க" என்றார்.

புது வகுப்புத் தொடங்கிய அன்று, அவள் சந்தியில் ஏறும் நேரத்தில் நான் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பார்க்கக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நானாவின் வான் எனக்கு முன்னால் நின்றது. யார் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்திருக்கலாம். மனைவி பார்க்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். என் பதின்மூன்று பேரையும் எண்ணி இறக்கிவிட்டு வந்தேன். பின்னேரம் அவள் வந்து சப்பாத்தைக் கழற்றினாள். எப்படி என்று கேட்டேன். ஓம், நல்லம் என்றாள். அடுத்த நாளும் போனாள். இடாப்பில் பேர் இருந்தது.

மூன்று கிழமை கழித்து டீசல் அடிக்க வரிசையில் நின்றபோது நானா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விலைவாசி, மழை, ரயர் என்று கதை போனது. நடுவில், ஒன்றும் இல்லாத விஷயம் போல, "அந்த முதல் நாள் எடுத்தது எடுத்ததுதான், பிறகு ஒரு நாளும் இல்ல" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். முதல் நாள் கண்டி வீதியிலேயே எடுத்துவிட்டாளாம். இவர் வானை ஓரத்தில் நிறுத்தி, போத்தல் தண்ணியைக் கொடுத்துவிட்டு, கதவுப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாராம். அவளே கழுவினாளாம், அவளே துடைத்தாளாம். ஏறின பிறகு ஒன்று மட்டும் கேட்டாளாம்.

"நானா, அப்பாட்ட சொல்லவேண்டாம். அவர் பாவம்."

நானாவின் முறை வந்தது, வானை முன்னால் எடுத்தார். எனக்குப் பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். நானும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வாய் வந்தது. அந்த முதல் நாள் அவளுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு தண்ணி, மற்றப் பிள்ளைகள் பார்த்தார்களா என்றெல்லாம் வந்தது. முற்றத்துக்குப் போய் வானைக் கழுவத் தொடங்கினேன். அது காலையில்தான் கழுவினது.

இன்றுவரை கேட்கவில்லை. சுகமான காரியம் இல்லை அது. ஒவ்வொரு பின்னேரமும் அவள் சப்பாத்தைக் கழற்றும்போது வேறெங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.