பன்னிரண்டு டிகிரியில் ஒரு கொள்கை

உடலியங்கியல் துறையில் அவளை எல்லோரும் எலிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். எலியின் காலிலிருந்து நூல் கனத்தில் ஒரு தசையைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தொட்டியில் உப்புநீருக்குள் மாட்டி, மின்சாரம் கொடுத்துச் சுருங்கவைத்து, அது எப்போது களைத்துப்போகிறது என்று பார்ப்பது அவள் வேலை. முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தாள். துறைத் தலைவர் அதைப் பற்றிப் பேசினார்.

பேச்சில் மனிதர் சூரப்புலி. உழைக்கிற தசையில் அமிலம் சேர்கிறது, அந்த அமிலம்தான் தசையை முடக்குகிறது: இந்த ஒன்றரை வாக்கியத்தை வைத்துக்கொண்டு பதவி, பயணம், சுழல் நாற்காலி எல்லாம் சம்பாதித்துவிட்டார். கடைசியாக அவர் கையால் ஒரு தசையைத் தொட்டது கல்யாணத்துக்கு முன்னால்.

அந்த வாக்கியத்துக்கு ஆதாரமான பழைய சோதனையின் குறிப்பை ஒருநாள் அவள் புரட்டிப் பார்த்தாள். தொட்டியின் சூடு பன்னிரண்டு டிகிரி. குளிரில் தசை சீக்கிரம் கெடாது, வேலை சுலபம் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எந்த எலி பன்னிரண்டு டிகிரியில் உயிரோடு ஓடுகிறது? தொட்டியை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து அதே அமிலத்தைச் சேர்த்தாள். தசை அலட்டிக்கொள்ளவே இல்லை. பலம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். நாற்பது தசைகளில் செய்து பார்த்துக் கட்டுரையாக எழுதி, தாள்களை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

அவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "உன் தெர்மாமீட்டரை மாத்தும்மா," என்றார்.

"மாத்திட்டேன் சார். மூணு தடவை."

"அப்போ கையை மாத்து."

பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியர் பல்லிளித்தார். சம்பளத்தில் பாதி அதற்குத்தான் என்று அவளுக்குத் தோன்றும். கட்டுரை அலமாரிக்குள் போனது. அவள் கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்கு அடுத்த அறைக்குப் போனாள். அது ஓடும்போதெல்லாம் மேஜை அதிரும், அளவு கோணும். அது ஓடாத நேரம் பார்த்து அவள் சோதனையைத் தொடர்ந்தாள்.

ஒன்பது வருஷம் கழித்து வேறு ஆய்வுக்கூடங்களும் அதையே கண்டுபிடித்து எழுதின. தலைவர் ஒரே வாரத்தில் கட்சி மாறினார். "நம்ம துறையில இதை அப்பவே பார்த்துட்டோம்," என்று வாய் கூசாமல் மேடையேறினார். அலமாரியிலிருந்த கட்டுரை தூசி தட்டப்பட்டு வெளியே வந்தது, முதல் பெயராக அவர் பெயரோடு.

"அந்தாளு கூசவே மாட்டாரா?" என்றார் வீட்டில் கணவர்.

"கூசுறதுக்கு நரம்பு வேணுமில்ல," என்றாள்.

அந்தக் கட்டுரையைக் கேள்விப்பட்டு வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார், நரைத்த கிராப்பு வைத்த வயதான பெண்மணி. கூட்ட அறையில் தலைவர் ஒரு மணி நேரம் முழங்கினார். முடிந்ததும் அந்தம்மா கேட்டார்: "தசையை எத்தனை டிகிரியில வச்சிருந்தீங்க?"

தலைவர் வழக்கம்போல் இரண்டாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் பதில் வரும், தணிந்த குரலில். எலிக்காரம்மா பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"சாதாரண... நாம எப்பவும் வைக்கிற சூடுதான். பன்னிரண்டு," என்றார் தலைவர்.

"பன்னிரண்டா? அப்போ இந்த முடிவு வந்திருக்காதே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. உதவிப் பேராசிரியருக்கு அவசரமாக இருமல் வந்தது. அந்தம்மா அறையை ஒரு சுற்று பார்த்தார். "இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான்மா," என்று எலிக்காரம்மா எழுந்தாள். "முப்பத்தேழு டிகிரி. தொட்டி கீழ இருக்கு. பார்க்கிறீங்களா?"

இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். தேநீரோடு காத்திருந்த தலைவரை யாரும் கூப்பிடவில்லை. மாலைவரை தசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தம்மா, கிளம்பும்போது நாற்பது தசைகளின் அளவுகளையும் பிரதி எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில், கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையிலிருந்து, சோதனையைச் செய்தது யார் என்று கேட்டு விசாரணைக் கடிதம் வந்தது. தலைவர் மென்று விழுங்கி ஒரு பதில் எழுதினார். எழுதியும் பெயர்களின் வரிசை மாறி, அவள் பெயர் முதலில் அச்சானது.

அதற்காக உலகம் திருந்திவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். தலைவர் மூன்று குழுக்களில் உறுப்பினராகி ஓய்வுபெற்றார், அந்த நாற்காலியில் உதவிப் பேராசிரியர் உட்கார்ந்தார். அவளுக்குப் பேராசிரியர் பதவி கடைசிவரை வரவில்லை. வந்த ஒரே மாற்றம், ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குப் பின்னால் தள்ளிவைத்தார்கள். மறுநாளே தொட்டியைக் கழுவி, அசையாத மேஜைமேல் வைத்து, புதுத் தசை ஒன்றை மாட்டினாள்.