வேலை வெட்டி இல்லாத மிருகம்

ஏழு வாய் உள்ள மிருகம் கொட்டாவி விட்டால் எந்த வாயால் விடும் என்று, வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் தோள்வரை நுழைந்துகொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறார் மெக்கானிக். கையில் ஸ்பேனர், பல்லிடுக்கில் டார்ச். அவருக்கு மனதுக்குள் யோசிக்க வராது, வாய்விட்டுத்தான் யோசிப்பார். டார்ச்சைக் கடித்துக்கொண்டு யோசிப்பதால் வெளியே நிற்கும் வீட்டுக்காரம்மாவின் காதில் விழுவது பாதிதான்.

"இது சொந்த ஊர்ல இப்படி இருந்திருக்காது. அங்க தண்ணியே கிடையாது. இங்க வந்தப்புறம்தான் இவ்ளோ குடிக்க ஆரம்பிச்சிருக்கு."

"கடையிலேர்ந்து வந்தப்பவே நிறையக் குடிச்சுதுங்க," என்கிறார் அந்தம்மா கவலையாக. "நான் அப்பவே இவர்கிட்ட சொன்னேன், காதுலயே வாங்கல."

"பாவம், அதுக்கும் எடுத்துச் சொல்ல ஆளில்ல," என்று முனகியபடி, குழாயில் அடைத்துக்கொண்டிருந்த குழந்தை சாக்ஸ் ஒன்றை உருவி வெளியே போடுகிறார் மெக்கானிக். மெஷின் ஓடுகிறது. ஒரு மெஷினுக்காக இவ்வளவு வருத்தப்படும் மனிதரை அந்தம்மா அதுவரை பார்த்ததில்லை. இனி அந்தத் தெருவில் யார் வீட்டில் துணி சுற்றாமல் நின்றாலும் இவருக்குத்தான் அழைப்பு.

மெக்கானிக் வருத்தப்பட்டது மெஷினுக்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஓர் ஆட்டம் நடக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு அதில் ஆளுக்கொரு வேடம். காட்டுக்குள் போகிறேன் என்று சொன்னால் போனதாக அர்த்தம். வெட்டுகிறேன் என்று சொன்னால், வெட்டு விழுந்ததா நழுவியதா என்பதைப் பகடை சொல்லும். நடத்துபவர் மெக்கானிக். காட்டிலும் மலையிலும் எதிர்ப்படும் வேற்றுலக மிருகங்களை அவர்தான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

இதற்கென்று கடையில் தடிமனான படப்புத்தகங்கள் கிடைக்கின்றன. மெக்கானிக்கும் ஒன்று வாங்கினார், படித்தார், கொதித்துப்போனார். "வேற உலகத்துலேர்ந்து வந்தது, பாத்தா பைத்தியம் பிடிக்கும்னு ரெண்டு வரி எழுதி முடிச்சிட்டான். வந்துச்சு சரி, எதுக்கு வந்துச்சு? அவ்ளோ தூரத்துலேர்ந்து ஒருத்தன் கிளம்பி வரான்னா வீட்ல ஏதோ பிரச்னைன்னுதானே அர்த்தம்?"

இந்தக் கொதிப்பு அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. ஒரு மெஷினைப் பிரித்து மாட்டிய பிறகு கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சினால், மற்ற மெக்கானிக்குகள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் மறுபடி முழுதும் பிரிப்பார். "மிஞ்சுறதுன்னு ஒண்ணு கிடையாது சார். எங்கேர்ந்து வந்துச்சு, எதுக்கு ஆகும், இந்த ரெண்டும் தெரியலன்னா ஸ்க்ரூ மேல தப்பில்ல, நம்ம மேலதான்." மிருகங்களுக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே அவருடைய ஆட்டத்தில், உடம்பெல்லாம் கண்ணாக உருண்டு வரும் ஜந்து ஒரு நட்சத்திரத்துக்கு வாட்ச்மேனாக இருந்தது. நட்சத்திரம் அணைந்துபோனதில் வேலை போயிற்று. இப்போது ராஜகுருவின் பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஹாலைக் கண்காணிக்கிறது. எண்ண முடியாத கைகளோடு நெளியும் இன்னொன்று, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பாதிக் கை பறிபோய் மனம் வெறுத்து இங்கே வந்தது. இதைச் சொல்லும்போது, "மீதிக் கைங்க எல்லாம் அண்ணன் கிட்ட மாட்டிக்கிச்சு, இன்னும் கேஸு நடக்குது," என்று மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஞாபகங்களைத் தின்னும் நிழல் ஒன்று உண்டு. அதைச் சம்பந்திகளுக்கு நடுவே உட்கார வைப்பது அந்த ராஜ்ஜியத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். வைத்தியக்காரி வேடம் கட்டுகிறவர் தெருமுனை மருந்துக்கடை அக்கா. மந்திரவாதி, மெக்கானிக்கின் மனைவியுடைய தம்பி. ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பதால், எதைப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு வாடகைக்கு விடலாம் என்றுதான் அவனுக்கு மூளை ஓடும். மூன்றாமவர் வீரர். கையில் மாயவாள், மார்பில் கவசம். வாரநாட்களில் தொலைபேசிக் கம்பெனியில் புகார்ப் பிரிவு.

ஏழு வாய் மிருகத்தோடுதான் எல்லாம் தடம் புரண்டது. அது தூசியாலான ஓர் உலகத்திலிருந்து வந்திருந்தது. அங்கே நிலவுகளை நக்கிச் சுத்தம் செய்வது அதன் பரம்பரைத் தொழில். வீரர் வாளை ஓங்கியபோது, "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சார்," என்று மெக்கானிக் அதன் குடும்ப நிலைமையை விளக்கத் தொடங்கினார். அந்த நிமிஷம் நீண்டுகொண்டே போனது. முடிவதற்குள் மந்திரவாதி குறுக்கே புகுந்தான்.

"மாமா, அது துணியில இருக்கற அழுக்கையும் நக்குமா?"

மெக்கானிக் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது. "நக்கும்," என்றார். "முழுங்காது, நக்கும்."

அன்றிலிருந்து மூன்று மாவீரர்களும் தலைநகரில் சலவைக்கடை நடத்துகிறார்கள். ராஜாவின் அங்கி முதல் பிச்சைக்காரனின் போர்வைவரை அங்கேதான் வெளுக்கிறது. எதிரி நாட்டுப் படையும் சீருடையை அங்கேதான் சலவைக்குப் போடுகிறது. சீருடை காய்ந்து வந்த பிறகுதான் படையெடுப்பு என்று இருப்பதால், மழைக்காலம் முழுக்கச் சமாதானம் நிலவியது. வைத்தியக்காரி பட்டன் தைக்கிறாள். வீரரின் மாயவாள் கொடிக்கயிறு தொய்யாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

வீரர் நெடுநாள் பொறுத்திருந்தார். ஒரு ஞாயிறு, எதிரித் தளபதியின் கால்சட்டையில் கறை போகவில்லை என்று மெக்கானிக் ஒரு கதாபாத்திரத்தை நுழைத்துச் சண்டைக்கு அனுப்பியதும், பகடையை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சார், நான் வாரம் பூரா என்ன பண்றேன்னு தெரியுமா? லைன் வரல, பில்லு தப்பு, ஆளு வரல, வந்தவன் மரியாதையா பேசல. எல்லார் கதையும் கேக்கறேன். 'உங்க சிரமம் புரியுதுங்க'ன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமையாவது ஒண்ணே ஒண்ண, கதை கேக்காம வெட்டலாம்னுதான் இங்க வரேன். இங்கயும் என்னை கறைக்கு மன்னிப்பு கேக்க வெக்கறீங்க."

"அவங்க ஊர்ல கால்சட்டைங்கறது..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"வேணாம் சார். அடுத்த வாரம் ஒரு மிருகம் வரணும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு இருக்கக் கூடாது. எதுக்கு ஆகும்னும் இருக்கக் கூடாது. வரணும், நான் வெட்டணும். இல்லேன்னா நான் ஜிம் மாஸ்டர் வீட்டு ஆட்டத்துக்குப் போயிடறேன்."

மெக்கானிக்கின் முகம் வாடிப்போயிற்று. ஜிம் மாஸ்டரின் ஆட்டம் பக்கத்துத் தெருவில் நடக்கிறது. அங்கே மிருகங்கள் கூட்டம் கூட்டமாக வரும், வந்த வேகத்தில் சாகும், பெயர்கூட யாரும் கேட்பதில்லை. வீரர் போனால் மிஞ்சுவது இரண்டு பேர். ஆட்டம் அவ்வளவுதான். போதாக்குறைக்கு, அந்த மேஜைமேல் மெக்கானிக்கின் மனைவிக்கு வெகுநாளாக ஒரு கண். "ஆள் குறைஞ்சா சொல்லுங்க," என்றாள் சமையலறையிலிருந்து. "என் தையல் மெஷினை அங்க போட்டுக்கறேன்."

அந்த வாரம் மெக்கானிக் பட்ட பாடு சொல்லி மாளாது. திங்கட்கிழமை ஒரு மிருகத்தை உருவாக்கினார். நான்கு கால், இரண்டு கண், பெரிய வாய். மதியத்துக்குள் அந்தக் கண்கள் எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தவை என்று அவருக்குத் தோன்றத் தொடங்கியது. கண்களைப் பிடுங்கினார். கால்கள் மிஞ்சின. கால் இருந்தால் எங்கிருந்தோ நடந்துதான் வந்திருக்கும். கால்களையும் எடுத்தார். வாய் இருந்தால் பசி இருக்கும், பசி இருந்தால் அதற்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தாக வேண்டும். வாய் போயிற்று. வால் மட்டும் பாவமாக ஆடிக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்து ஆடுகிறது என்ற கேள்வி எழுமுன் அதையும் நறுக்கினார்.

"என்னங்க ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. அவர் சோற்றில் ஒரு குழி தோண்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒரு அத்தை இருக்காங்கன்னு தோணிக்கிட்டே இருக்கு."

"எதுக்கு?"

"வேணாம். சொன்னா வளந்துடும்."

மருந்துக்கடை அக்காவிடம் போய்த் தலைவலிக்கு மாத்திரை கேட்டார். "மாத்திரை எதுக்கு, மிருகத்துக்கு வெக்கப் பேரு கிடைக்கலையா?" என்றார் அக்கா. "பேரே வெக்கக் கூடாதுக்கா. பேரு வெச்சா யாரு வெச்சதுன்னு கேள்வி வரும்," என்று சொல்லிவிட்டு, தண்ணீரில்லாமல் முழுங்கினார்.

ஞாயிறு வந்தது. வீரர் தோள்பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சலவைக்கடையைப் பூட்டியாயிற்று. வாளை உருவியதில் கொடிக்கயிறு அறுந்து ராஜாவின் அங்கி சேற்றில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. மூவரும் வெட்டவெளிக்கு வந்தார்கள். மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அங்க ஒண்ணு இருக்கு."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. இருக்கு."

"எப்படி இருக்கு?"

"குவியலா இருக்கு. கண்ணு இல்ல, வாய் இல்ல, கை கால் இல்ல." மெக்கானிக்கின் நெற்றி வியர்த்திருந்தது. "வெட்டிடுங்க சார். சீக்கிரம்."

மந்திரவாதி முன்னால் சாய்ந்தான். "மாமா, தொட்டா மெத்துனு இருக்குமா? இல்ல, தலைநகர் சத்திரத்துல கட்டில் இருக்கு, மெத்தைதான்..."

"டேய் மச்சான், அது மெத்தை இல்ல." மெக்கானிக் அப்படிச் சீறி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "அது எதுக்கும் ஆகாது. நானே பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கேன். நீங்க வெட்டுங்க சார், இவன் பேச்சைக் காதுல வாங்காதீங்க."

வீரர் இருபது முகப் பகடையைக் கையில் எடுத்தார். குலுக்கினார். வெகுநேரம் குலுக்கினார்.

"கத்துமா சார்?"

"வாயே இல்லையே."

"ஓடுமா?"

"காலே இல்ல."

"வெட்டினா, ஏன் வெட்டினேன்னு கேக்குமா?"

"கேக்காது. அதுக்குக் கேக்கத் தெரியாது."

"அப்ப அதுக்கு எந்தப் புகாரும் இல்ல."

"இல்ல," என்றார் மெக்கானிக். "ஒண்ணுகூட இல்ல."

பகடை கைக்குள்ளேயே நின்றுவிட்டது. வீரர் மேஜையின் நடுவே, எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவர். அவரிடம் பேசிய எல்லாருக்கும் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. அவருடைய மேலதிகாரிக்கு, மனைவிக்கு, பல் டாக்டருக்கு, ஏன், தவறான எண்ணுக்கு அழைத்தவர்களுக்குக்கூட அவர்மேல் ஏதோ ஒரு குறை இருந்தது.

"நான் வாளைக் கீழ வெக்கறேன்," என்றார்.

"சார், நீங்கதான் வெட்டணும்னு..."

"வெச்சுட்டேன் சார். பக்கத்துல போறேன். உக்காரலாமா?"

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதற்கு விதி எதுவும் அவரிடம் இல்லை. "உக்காரலாம்," என்றார் கடைசியில். "அது ஒண்ணும் சொல்லாது."

"சாஞ்சுக்கலாமா?"

"சாஞ்சுக்கலாம்."

"நான் சொன்னேன்ல, மெத்தைனு," என்றான் மந்திரவாதி. மருந்துக்கடை அக்கா மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தார்.

வீரர் தோள்பையைக் கழற்றித் தரையில் வைத்தார். நாற்காலியின் முதுகில் சாய்ந்து கண்ணை மூடினார். வெட்டவெளியில் காற்று வீசுகிறதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் வீசுகிறது போலத்தான் இருந்தது.

"வெட்டியாச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நான் தையல் மெஷினைத் தள்ளிக்கிட்டு வரட்டுமா?"

வாரம் முழுக்க முழுங்கி முழுங்கி வைத்த கதையெல்லாம் மெக்கானிக்கின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

வீரர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "சார், இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே..."

"நான்தான் சொன்னேன். இப்ப நானே கேக்கறேன்."

மெக்கானிக் எழுந்தார். நேரே வாசலுக்குப் போய், நடுவில் யாரும் எழுந்து போய்விடாதபடி கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.