தலைகீழ் டி.வி.யும் நனைந்த வேட்டியும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். மே மாத வெயிலில் ஒரகடம் ரோடு தார் இளகிக் கிடந்தது. அந்த நேரத்தில் நாங்கள் ஒரு வீட்டின் ஜன்னல்களையெல்லாம் கம்பளி போட்டு மூடிக்கொண்டிருந்தோம்.

பைத்தியமா என்றுதானே கேட்கிறீர்கள்? வாசலில் எட்டிப் பார்த்த தண்ணீர் கேன்காரரும் அதையேதான் கேட்டார்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே வீட்டு ஓனர் குடும்பம். தாஸ், அவர் மனைவி ஸ்டெல்லா, பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மகள் ஜெனி. தாஸ் ஒரு காலத்தில் ஊர் கிரிக்கெட் டீமின் வேகப்பந்து வீச்சாளர். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தார். நல்ல மனுஷன், நிறையப் பேசுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணில் கோளாறு வந்தது. விசித்திரமான கோளாறு. நேராக எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் மங்கிவிடும், சுற்றிலும் இருப்பதெல்லாம் தெரியும். எதிரே நிற்பவரின் முகம் தெரியாது, அவர் தோளில் மாட்டியிருக்கும் பை தெரியும்! கண்ணாடி போட்டுப் பயனில்லை, எதுவும் பெரிதாக இருந்தால் கொஞ்சம் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார்.

கிரிக்கெட்?

வீட்டில் இருப்பது பதினான்கு இஞ்ச் டி.வி. மூக்கு ஸ்கிரீனில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தால் அவருக்கு ஏதோ தெரியும். ஆனால் மற்றவர்களுக்கு அவருடைய பின்மண்டை மட்டும்தான் தெரியும். ஒருநாள் ஜெனி, "அப்பா, மறைக்குதுப்பா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாளிலிருந்து தாஸ் மேட்ச் நேரத்தில் உள்ளே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்பார். உள்ளே கூச்சல் எழுந்தால், "யாரு அவுட்டு?" என்று படியிலிருந்து ஒரு குரல் வரும்.

ஜெனி எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "எனக்கு காத்து வேணும்மா, நீ பாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

"அந்த ஆளு படில குந்திகினு கேக்கறப்பலாம் எனக்கு வயிறு எரியுதுக்கா" என்றாள் ஸ்டெல்லா என்னிடம். பெரிய டி.வி. எல்லாம் இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை.

ஸ்டெல்லா இன்னொரு கம்பெனியில் ஒயரிங் லைனில் இருக்கிறாள். அங்கே டிரெயினிங் ரூமில், கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் மெஷின் ஒன்று உண்டு. அது பழுதாகி ஸ்கிராப்புக்குப் போனதும், பின்னாலேயே ஸ்டெல்லாவும் போனாள். வாலாஜாபாத் ரோட்டில் இருக்கும் பழைய சாமான் கடையில் அதைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த லென்ஸை மட்டும் வாங்கி வந்தாள். பரீட்சை அட்டை மாதிரி தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ். சிங்கப்பெருமாள் கோவில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, டி.வி. படத்தைத் துணியில் பெரிதாக விழவைக்கும் பெட்டியின் செய்முறையைப் படம் படமாகப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டாள்.

இரண்டு அட்டைப்பெட்டிகள். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு பெயின்ட். பெரிய பெட்டிக்குள் டி.வி. சின்னப் பெட்டியின் முகப்பில் லென்ஸ். தீப்பெட்டி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நகரும். லென்ஸ் படத்தைத் தலைகீழாகக் காட்டும் என்பதால் டி.வி.யையும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். ஹாலின் நடுவே கொடிக்கயிறு கட்டி, தாஸின் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டாள். சுவரில் போடலாமே என்றேன். "பச்ச பெயின்ட்டுக்கா. ஆடறவன்லாம் பச்சையாயிடுவான்!"

லைட்டை அணைத்தோம். தாஸை நாற்காலியில் உட்காரவைத்தோம். அன்று இந்தியா ஆடும் ஒரு நாள் மேட்ச்.

வேட்டி முழுக்கப் படம் வந்தது. அம்மாடி, எவ்வளவு பெரிசு! நான் கைதட்டிவிட்டேன். ஆனால் மங்கல்... புகைக்குள் ஆவிகள் கிரிக்கெட் ஆடுவது மாதிரி.

"தெரியுதா?" என்றாள் ஸ்டெல்லா.

"சூப்பரா தெரியுது" என்றார் தாஸ்.

"பொய்யி."

"அட, தெரியுதுடி!"

"நேராப் பாத்துகினு கீற. நீ நேராப் பாத்தா உனக்கு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கண்ணின் நடுப்பகுதி மங்கியவர் எதையாவது நிஜமாகவே பார்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். நேரே பார்த்தால் அது நம் மனசு கோணக்கூடாதே என்பதற்காக! ஒரே வீட்டில் இரண்டு வருடமாக மாடியும் கீழுமாகப் பழகியும் நான் இதைக் கவனித்ததில்லை.

ஸ்டெல்லா பெட்டியை வேட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். படம் சிறுத்தது, பளிச்சென்று ஆனது, ஆனால் கலங்கிப் போனது. கிட்டே வந்தால் லென்ஸை வெளியே இழுக்க வேண்டும், தள்ளிப் போனால் உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவை சைஸை மாற்றும்போதும் ஃபோகஸை முதலிலிருந்து பிடிக்க வேண்டும். நான் பெரிய பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சின்னப் பெட்டியை நூல் நூலாக இழுத்தாள்.

அப்போது அவள் செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. கை லென்ஸில் இருந்தது, கண் தாஸின் கழுத்தில் இருந்தது.

மறுபடி கொஞ்சம் கிட்டே. மறுபடி இழுப்பு. கம்பளி போட்ட அறை வெந்தது. பெட்டி என் கையில் சுட்டது. படம் இப்போது வேட்டியில் கால்வாசிகூட இல்லை. "இன்னும் பெரிசா இருந்தா நல்லாருக்குமே" என்று நான் முனகினேன். ஸ்டெல்லா காதில் வாங்கவில்லை.

தாஸின் முகம் மெல்ல... மெல்ல... இடதுபக்கம் திரும்பியது.

"அப்டியே நிறுத்துக்கா!"

நாங்கள் எல்லோரும் திரையை விட்டுவிட்டுத் தாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நெற்றி சுருங்கியது.

"இன்னாடி இது... நம்ப ஆளுங்க ரெண்டு பேரும் லெஃப்ட் ஹேண்ட்ல ஆடறானுங்க?"

திரும்பிப் பார்த்தோம். நிஜம்தான். எல்லாமே இடம் வலமாகி, ஸ்கோர் எழுத்துகூடக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிக் கிடந்தது. பார்வை உள்ள நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஸ்டெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏதோ தப்பாகிவிட்ட வருத்தம் என்று நினைத்து, "சரி பண்ணிடலாம் ஸ்டெல்லா" என்றேன்.

"அதில்லக்கா. அந்த ஆளுக்கு மட்டை தெரிஞ்சிடிச்சி!"

அப்புறம் அவளே எழுந்து வேட்டிக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து குரல் வந்தது. "எல்லாம் இந்தாண்ட வாங்க. இங்கருந்து சரியா தெரியுது." வேட்டியின் மேல் தண்ணீர் தெளித்தாள். நனைந்த துணியில் வெளிச்சம் இன்னும் நன்றாக ஊடுருவியது. நாற்காலி, பாய், முறுக்குத் தட்டு எல்லாவற்றோடும் அந்தப் பக்கம் குடிபெயர்ந்தோம். ஜெனி அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்குப் போனால் எத்தனை இஞ்ச் என்று கேட்கிறோம். எதிர்வீட்டில் எத்தனை இஞ்ச் என்றும் கேட்டுவைத்துக்கொள்கிறோம். பார்க்கப் போகிறவருக்கு எது தெரியும், எவ்வளவு தெரியும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஊரே வியக்கும் அளவுக்குப் பெரிய படத்தைப் பிடித்த கையோடு அதைச் சுருக்கவும் ஒரு மனசு வேண்டும். ஸ்டெல்லாவுக்கு அது இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நம் ஆட்டக்காரர் ஒருவருக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்துவிட்டார் அம்பயர். தாஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யோவ் அம்பயரு! பாலு வெளிய போவுது. கண்ணு தெரியலயா உனுக்கு?"

ஜெனி காலடியிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் சிரித்தவர் தாஸ்தான்.