எஞ்சின் முதலில், பிரேக் அப்புறம்

என் அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. கார் கதவில் வைத்து நசுக்கியவன் அவள் புருஷன். அவள் செய்த குற்றம், கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியது. கார் என்னவோ அவள் பேரில்தான் இருந்தது. சாவி அவன் இடுப்பில்.

அவள் குரல் உயர்ந்தால் அவனுக்கு ஆகாது. "ஊருக்கே கேக்கணுமாடி?" என்பான், கூடவே அறை விழும். பத்து வருஷத்தில் அக்காவின் குரல் தேய்ந்து தேய்ந்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க நான் குனிய வேண்டியதாயிற்று. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பான். நான் மெக்கானிக். பட்டறையில் நான் ஸ்பானர் கேட்டால் அடுத்த தெருவில் இருப்பவன் எடுத்து வருவான், அப்படிக் கத்துவேன். அவன் முன்னால் மட்டும் பெட்டிப் பாம்பு. ஒருமுறை தட்டிக் கேட்கப் போய், ஜாக்கிக் கம்பியால் தோளில் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் போகவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பிறகு ஒருநாள் வேறொருத்தியோடு போய்விட்டான். பழுதாகி நின்ற காரையும் அதன் சாவியையும் மட்டும் கொட்டகையில் விட்டுப் போனான். விட்டது சனி என்று நான்தான் சந்தோஷப்பட்டேன். அக்கா தெருமுனையில் துணி தேய்க்கும் கடை போட்டாள். இரண்டு விரல் மடங்கிய கையால் துணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெட்டியை இழுப்பாள். எட்டு வருஷம் கழித்து ஒரு ஓட்டல்காரர் அறை விரிப்புகளையெல்லாம் அவளுக்கே தருவதாகச் சொன்னார். மூட்டையைத் தோளில் சுமந்து எத்தனை நடை நடப்பாள்?

பட்டறைக்கு வந்து ஏதோ முணுமுணுத்தாள். எனக்குக் கேட்கவில்லை.

"என்னக்கா?"

"அந்தக் காரை எழுப்பிக் குடுடா தம்பி. நானே ஓட்டணும்."

கொட்டகையைத் திறந்தால், ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டேங்கில் இருந்த பெட்ரோல் கெட்டுப் பெயின்ட் நாற்றம் அடித்தது. அதை வடித்துக் கொட்டினேன். ப்ளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் கொஞ்சம் ஆயில் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டேன். நாள்பட்டு நின்ற எஞ்சினை எடுத்ததும் சாவி போட்டு முறுக்கக் கூடாது, உள்ளே பிடித்திருந்தால் உடைந்துபோகும். நாலாம் நாள் நீள ஸ்பானரை மாட்டிக் கையாலேயே சுற்றினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு மயிரிழை. பிறகு ஒரு முழுச் சுற்று. அக்கா பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரேக்தான் தகராறு. துரு ஏறி நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டிருந்தன. சுத்தியலால் அடி அடியென்று அடித்து விடுவித்தேன். அவனை நினைத்துக்கொண்டு அடித்தேன் என்பதையும் மறைப்பானேன். உள்ளே இருந்ததெல்லாம் மக்கியிருந்தது. மொத்தத்தையும் கழற்றி மாற்றக் கொடுத்துவிட்டேன், புதுசு இன்னும் வந்து சேரவில்லை. கை பிரேக் கம்பியும் அறுந்து கிடந்தது. கொட்டகை வாசலிலிருந்து தெருவரைக்கும் சரிவு, அதனால் முன்சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. செத்த வண்டி கையில் கிடைத்தால், முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டாக வேண்டும். பிரேக்கெல்லாம் அப்புறம். நானும் அதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் புது பேட்டரியை மாட்டினேன். அக்காவிடமே சாவியைக் கொடுத்தேன். மூன்றாவது முறுக்கில் எஞ்சின் இருமி, புகை கக்கி, உறுமத் தொடங்கியது. அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள்.

அப்போதுதான் அவன் வந்தான். கார் தயாராகிறதென்று யாரோ ஊதியிருக்கிறார்கள். நேராக வந்து கதவைத் திறந்தான். அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். "யாரைக் கேட்டுடி வண்டியில கை வெச்சே?" வயிற்றில் ஓர் உதை. நான் பாய்ந்தேன். என் கையிலிருந்த ஸ்பானரையே பிடுங்கி என் முழங்காலில் இறக்கினான். கீழே விழுந்தேன். முட்டுக்கட்டைகளைக் காலால் எட்டி உதைத்தான். உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தான், எஞ்சின் அலறியது.

வாயோரம் ரத்தத்தோடு அக்கா எழுந்து ஜன்னலருகே போனாள்.

"என்னங்க, அதுல பிரேக் இல்லீங்க."

அவன் பழக்கிவைத்த அதே குரலில் சொன்னாள். எனக்கே அவள் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவன் ஜன்னல் வழியே கையை நீட்டி அவள் வாயிலேயே அறைந்தான்.

நான் கத்தியிருந்தால் அவனுக்குக் கேட்டிருக்கும். கத்தவில்லை.

கியரைப் போட்டான், கார் சரிவில் இறங்கியது. தெருவில் நல்லவேளை யாருமில்லை. எதிரே கிடங்குச் சுவர். அவன் சீட்டிலிருந்து எம்பி எம்பிப் பிரேக்கை மிதித்ததைப் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். சுவர் உள்வாங்கியது, கண்ணாடி தெறித்தது, ஹாரன் மட்டும் நிற்காமல் அடித்தது. ஆட்கள் கடப்பாரையால் கதவை நெம்பி அவனை எடுத்தார்கள். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தன. எனக்கு இரக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நொண்டிக்கொண்டு நானும் போனேன். கட்டிலில் கிடந்தபடியே அவன் கேட்டான்.

"பிரேக் இல்லைன்னு தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"சொன்னேன்!" என்றாள் அக்கா.

வார்டே திரும்பிப் பார்த்தது. ஊசியோடு வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ வருஷம் கழித்து நான் கேட்ட குரல். அவன் வழக்கம்போலக் கையை ஓங்கப் பார்த்தான், மருந்துக் குழாய் இழுத்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம்.

"நீ ஏண்டா கத்தல?" என்று கேட்டாள்.

 பதிலுக்குக் காத்திருக்காமல் மடங்கிய விரல்களால் என் முழங்காலில் போட்டிருந்த கட்டைச் சரிசெய்தாள்.

"வண்டியை மறுபடி சரி பண்ணு. இந்த வாட்டி மொதல்ல பிரேக்கைப் பாரு."