கழித்த இரண்டு கிலோ

இலங்கை மலையகத்துப் பதுளையில் நான் விளையாட்டு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் இன்று பிள்ளைகளின் உடற்தகுதியை அளந்தோம். மழையில் தொப்பலாக நனைந்து வந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி தராசில் ஏறினாள். உதவிக்கு நின்ற இளம் டீச்சர், "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சி எழுதவா மிஸ்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தராசே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில், பதுளையில் நடக்கும் ஓட்டப்போட்டிக்கு நிறை பார்க்க, எங்களைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கூட்டிப்போனார்கள். பச்சைக் கொழுந்து வாடை அடிக்கும் தராசுக் கொக்கியைப் பிடித்து ஒவ்வொருவராகத் தொங்கினோம். முள்ளைப் பார்த்து நிறை சொன்ன கணக்கப்பிள்ளை, கொழுந்துக்குச் செய்வதுபோலவே சாக்குக்கும் தண்ணிக்குமாக இரண்டு கிலோவைக் கழித்துச் சொன்னார். அன்று நல்ல வெயில். எங்களிடம் சாக்கும் இல்லை.

நிறை போதாது என்று அந்த ஓட்டப்போட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தினமும் மலையேறிப் பள்ளிக்கூடம் போன என் கால்களை யாரும் அளக்கவில்லை. அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே கணக்கப்பிள்ளையிடம் போனார்.

"எங்ககிட்ட கழிக்கிறது பத்தாதுன்னு எம்புள்ளகிட்டயும் கழிச்சிட்டீங்களா?"

"கைப்பழக்கம்மா. எழுதி அனுப்பியாச்சு, இனி என்ன செய்றது?" என்றார் அவர்.

ஓட்டப்போட்டி நான் இல்லாமலே நடந்தது.

இன்று தராசிலிருந்து அந்தப் பிள்ளையை இறக்கி என் துவாயைக் கொடுத்தேன். "நல்லா தொடச்சிட்டுத் திரும்ப ஏறு."

பிறகு இளம் டீச்சரிடம் சொன்னேன். "எத்தன தடவ வேணும்னாலும் நிறுங்க. கழிக்கிற வேல மட்டும் இங்க வேணாம்."